லேபுக்கு ஒரு தட்டு

1. வள்ளிக்கு வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது.
2. டாக்டர் உப்பை நிறுத்தச் சொன்னார்.
3. வள்ளியின் அம்மா நிறுத்தினார். அவரோடு சேர்ந்து அந்த வீட்டில் எல்லோரும் நிறுத்தினார்கள்.
4. நீர் இறங்க மருந்து கொடுக்கப்பட்டது.
5. நீர் ஏறியது.
6. அம்மாவை வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. முடிவுக்கு ஆதாரம் நான் கையெழுத்திட்ட ரிப்போர்ட்.
7. நான் ஒரு தட்டு சாப்பாடு கேட்டேன்.

இதை எழுதச் சொன்னது லலிதா. என் இடத்தில் இப்போது வேலை பார்ப்பவள். லேபுக்குப் புதுக் கருவி வருகிறது, பழையதை ஓரங்கட்டப் போகிறார்கள், அதன் முன்னால் அதிக காலம் உட்கார்ந்தவர் நீங்கள்தான், ஆஸ்பத்திரி ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றாள். ஓய்வு பெற்றோர் பகுதியில் போடுவார்களாம். எனக்கு வயது முப்பத்திரண்டு. ஓய்வுக்குக் காரணம் பிரசவம். ஒரு குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் விடுப்பில் போனேன். வந்தவை இரண்டு.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வேதியியலில் பட்டம் வாங்கினேன், பிறகு ஒரு வருடம் லேப் பயிற்சி. பயிற்சியில் கற்றவை மூன்று: கண்ணாடிக் குப்பியை நம்பாதே, உன் விரலை நம்பாதே, முதல் அளவை நம்பாதே. அறுபதுகளின் கடைசியில் மயிலாப்பூரில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் வேலை கிடைத்தது. வீட்டிலிருந்து நடக்கும் தூரம். அம்மாவுக்கு அதில் திருப்தி. வேலையில் இல்லை.

"நடந்து போற தூரம்னு மட்டும் எல்லார்கிட்டயும் சொல்லு. மூத்திரம் காய்ச்சறேன்னு சொல்லிண்டு திரியாதே."

"காய்ச்சறதில்லைம்மா. சுடர்ல தெளிக்கறது."

"அது இன்னும் மோசம்."

தெளித்த கருவியின் பெயர் ஃப்ளேம் போட்டோமீட்டர். வார்டு ஆயா ராஜாமணி அதை 'அடுப்பு' என்பாள். கொஞ்ச காலத்தில் நாங்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டோம். அது வேலை செய்யும் விதம் எளிது. ரத்தத்தையோ சிறுநீரையோ தகுந்த அளவு நீர்க்கச் செய்து கொடுத்தால், அதைக் காற்றோடு கலந்து மெல்லிய பனிபோல் சுடருக்குள் ஊதும். சுடர் இயல்பில் நீலம். கரைசலில் சோடியம், அதாவது உப்பில் இருக்கும் தாது, இருந்தால் சுடர் மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சள் என்பதை ஒரு முள் காட்டும். வண்ணக் கண்ணாடியை மாற்றினால் பொட்டாசியத்தையும் பார்க்கலாம், கொஞ்சம் பொறுமை இருந்தால் கால்சியத்தையும். மூன்றும் எங்களுக்கு வேண்டியிருந்தன.

எங்கள் வார்டுக்கு வந்தவர்களில் பலர் ஈரல் நாள்பட்டுக் கெட்டுப்போன குழந்தைகள். கண் மஞ்சள், கை கால் குச்சி, வயிறு குடம். ஈரல் கெட்டால் உடம்பு உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உப்பு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த நீர் வயிற்றில் சேரும். நீரை வெளியேற்ற மருந்து கொடுத்தால் கூடவே பொட்டாசியமும் போய்விடும். குழந்தை துவண்டு கிடக்கும். கொழுப்பு சரியாகச் செரிக்காததால் கால்சியம் உடம்பில் ஒட்டாது, எலும்பு மெலியும். ஒன்றைக் குறைக்க வேண்டும், ஒன்றைக் கூட்ட வேண்டும், ஒன்றைத் தங்கவைக்க வேண்டும். எதை எவ்வளவு என்று சொல்வதுதான் அடுப்பின் வேலை.

இதில் உள்ள சிக்கல், சோடியம் எங்கும் இருக்கிறது என்பது. நான் சேர்ந்த புதிதில் பிற்பகலில் பார்த்த ரத்தங்களில் எல்லாம் சோடியம் கூடுதலாக வந்தது. பெரிய டாக்டர் தாள்களைப் பார்த்துவிட்டு, "இந்த ஊர்க் குழந்தைகள் மத்தியானத்துக்கு மேல உப்புக் கரிக்கிறாங்களா?" என்று கேட்டார். அடுத்த நாள் வாலை வடித்த வெறும் தண்ணீரை ஊதிப் பார்த்தேன். காலையில் முள் அசையவில்லை. மூன்று மணிக்கு அசைந்தது. கடல் காற்று கிளம்பும் நேரம் அது. அன்றிலிருந்து அளவு பார்க்கும்போது சன்னலை மூடினேன், விசிறியை நிறுத்தினேன். சன்னலை மூடினால் வேர்க்கும். வேர்வையிலும் அதே சோடியம். ஆகவே குழாய்களை இடுக்கியால் பிடித்தேன். சென்னையின் மே மாதத்தில் இது ஒரு தகவல், புகார் அல்ல.

பெரிய டாக்டர் என்று நாங்கள் சொன்னது டாக்டர் ஞானமுத்துவை. வார்டு அவருடையது. அவர் யாரையும் ஒருமையில் அழைத்து நான் கேட்டதில்லை. கட்டிலில் கிடக்கும் கைக்குழந்தையிடமும் "கொஞ்சம் திரும்புறீங்களா?" என்றுதான் கேட்பார். வயிற்றைப் பார்க்குமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றி நர்ஸிடம் கொடுப்பார். இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்குவார். நர்ஸின் கையை, விளிம்பு கீழே இருக்கும்படி, குழந்தையின் வயிற்று நடுவில் வைக்கச் சொல்வார். ஒரு பக்கம் தன் கையை வைத்துக்கொண்டு மறுபக்கம் விரலால் சுண்டுவார். உள்ளே நீர் இருந்தால் அலை இந்தப் பக்கம் வந்து கையில் தட்டும். தட்டியதும் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு குழந்தைக்கு நன்றி சொல்வார்.

அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. யார் எதைச் சொன்னாலும், "அது எப்படித் தெரியும்?" என்பார். குரலில் சந்தேகமே இருக்காது. பதில் இல்லாதவர்களுக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

அவரிடம் ஒரு விதியும் இருந்தது. உப்பு விலக்கிய குழந்தைக்கு யாராவது ஒளித்து எதையாவது கொடுத்தால், கொடுத்தவர் வார்டில் இருக்கக் கூடாது. முன்பு ஒரு தாய்மாமன் தினமும் பார்க்க வந்து அன்போடு மாவடு ஊட்டிய கதை உண்டு. அந்தக் குழந்தை பிழைக்கவில்லை. விதி அதற்குப் பிறகு வந்தது. அதையும் அவர் மரியாதையாகவே நிறைவேற்றுவார். "அம்மா, நீங்க வீட்டுக்குப் போயிட்டு வாங்க." எத்தனை பேர் அழுதும் அந்த வாக்கியம் மாறியதில்லை.

வள்ளிக்கு ஆறு வயது. அப்பாவுக்குத் தி. நகரில் ஜவுளிக்கடை, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அம்மா பெயர் செண்பகம். சின்ன வயதில் வந்த ஒரு காமாலை சரியாக ஆறாமல் வள்ளியின் ஈரல் சுருங்கியிருந்தது. பாவாடை நாடா கட்டும் இடத்தில் வயிற்றில் ஒரு தடம் பதிந்திருக்கும். நீர் ஏற ஏற அந்தத் தடம் ஆழமாகும். செண்பகம் நாடாவைத் தளர்த்திக் கட்டுவார். மறுநாள் புதுத் தடம்.

உப்பு விலக்கிய குழந்தைகளுக்கு அம்மாக்களே சமைக்கலாம் என்று எங்கள் ஆஸ்பத்திரியில் ஓர் ஏற்பாடு இருந்தது. வார்டுக்குப் பின்னால் ஒரு சின்ன சமையலறை. அரிசி, காய், பருப்பு, தயிர் எல்லாம் ஆஸ்பத்திரியே கொடுக்கும். ராஜாமணி வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். அவளைத் தாண்டி ஊறுகாய் உள்ளே போனதில்லை.

செண்பகம் சமைப்பதை நான் பார்த்திருக்கிறேன். விடியலில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு வருவார். வள்ளிக்கென்று தனிப் பாத்திரம். அடுப்பு பற்றவைக்குமுன் கும்பிடுவார். சமைத்து முடிக்கும் வரை யாரோடும் பேச மாட்டார். வார்டில் அத்தனை ஒழுங்காகச் சொன்னபடி கேட்ட தாய் வேறு யாரும் இல்லை என்று எல்லா நர்ஸுகளும் சொன்னார்கள்.

அந்த ஒழுங்குக்கு நடுவில்தான் வயிறு ஏறிக்கொண்டிருந்தது.

நீர் இறங்கும் மருந்து ஆரம்பித்த பிறகு வள்ளியின் ஒரு நாள் சிறுநீர் முழுவதையும் சேர்த்து லேபுக்கு அனுப்பினார்கள். அடுப்பில் பார்த்தேன். சோடியம் ஏராளமாக இருந்தது. மறுபடி நீர்க்கச் செய்து பார்த்தேன், அதேதான். இதில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. சோடியம் இவ்வளவு வெளியே போனால் நீரும் கூடப் போய் எடை குறைய வேண்டும். எடை ஏறுகிறது. அப்படியானால் போவதைவிட அதிகமாக உள்ளே வருகிறது. உப்பே சாப்பிடாத குழந்தைக்கு அது எங்கிருந்து வரும்?

ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் என் ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தார்.

"இந்த அளவு சரின்னு எப்படித் தெரியும்?"

"ரெண்டு தடவை பார்த்தேன் சார். சன்னல் மூடியிருந்தது. வெறும் தண்ணியும் பார்த்தேன்."

அவர் தலையாட்டினார். செண்பகத்தின் பக்கம் திரும்பினார். "அம்மா, குழந்தைக்கு உப்பு போட்டீங்களா?"

"இல்லய்யா."

"வேற யாராவது?"

"நீங்க சொன்ன அன்னையிலேருந்து எங்க வீட்டுலயே ஒருத்தரும் உப்பு சேத்துக்கிடல. விரதம்னு வச்சுட்டோம். இவ அப்பா கடையில உப்பில்லாச் சோத்தத் தின்னுட்டு நாக்கு செத்துப் போச்சுன்னு பொலம்புதாவ. கேட்டுப் பாருங்க. நான் என் பிள்ள தலையில அடிச்சு வேணும்னாலும் சொல்லுதேன்."

"அதெல்லாம் வேண்டாம்," என்றார் பெரிய டாக்டர். அவர் முகத்தில் கோபம் இல்லை. இன்னும் மூன்று நாள் பார்க்கலாம், எடை அப்போதும் ஏறினால் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வரட்டும் என்றார்.

வள்ளி அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு முந்தைய வாரம் உறவில் ஒரு சாவுக்காகச் செண்பகம் ஒரு நாள் போக வேண்டியிருந்தது. அன்று வள்ளி ஆயா கையிலும் வாங்கவில்லை, நர்ஸ் கையிலும் வாங்கவில்லை, அப்பா கையிலும் வாங்கவில்லை. மாலையில் ரத்தத்தில் சர்க்கரை விழுந்து, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத நிலைக்குப் போய்விட்டாள். ஈரல் கெட்ட குழந்தைக்குக் கையிருப்பு கிடையாது. ஒரு நாள் பட்டினி போதும். ஆக, அம்மா இருந்தால் நீர் ஏறுகிறது. அம்மா போனால் குழந்தை சாப்பிடாது. இரண்டுக்கும் முடிவு ஒன்றே.

செண்பகம் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றாதது ஆதாரம் ஆகாது. 'அது எப்படித் தெரியும்?' என்றுதான் பெரிய டாக்டர் கேட்பார். எனவே வள்ளியின் வாய்க்குள் போகக்கூடியவற்றை வரிசையாக எழுதினேன். தண்ணீர், மிக்சர் மருந்து, பல்பொடி, இளநீர், சாப்பாடு.

தண்ணீர் ஆஸ்பத்திரிக் கிணற்றிலிருந்து வந்தது. மயிலாப்பூர்க் கிணறு, கொஞ்சம் கரிக்கும். அடுப்பில் மஞ்சள் தெரிந்தது. ஆனால் வார்டில் எல்லோரும் குடித்தது அதே தண்ணீர்தான். மற்றவர்களுக்கு வயிறு இறங்கிக்கொண்டிருந்தது. பல்பொடியில் இருந்தது, ஆனால் அதை வள்ளி துப்பிவிடுவாள். பொட்டாசியத்துக்காகப் பெரிய டாக்டர் சொன்ன இளநீரில் சோடியம் சொற்பம். வயிற்றுப் பொருமலுக்கு வார்டில் எல்லோருக்கும் கொடுக்கப்பட்ட இளஞ்சிவப்பு மிக்சரை ஊதியபோது சுடர் நன்றாகவே மஞ்சளாயிற்று. அதில் சோடா உப்பு கலந்திருந்தது. எங்கள் மருந்தறையே கலந்தது. பெரிய டாக்டரிடம் சொன்னேன். அவர் மிக்சரை ஈரல் குழந்தைகள் எல்லோருக்கும் அப்போதே நிறுத்தினார். நான் சந்தோஷப்பட்டேன். மறுநாள் காலை எடை பார்த்தார்கள். ஏறியிருந்தது. முன்பைவிடக் கொஞ்சம் குறைவாக, ஆனால் ஏறித்தான் இருந்தது.

மிச்சம் சாப்பாடு.

சமையலறைக்குப் போனேன். ராஜாமணி முக்காலியிலிருந்து எழவில்லை.

"இன்னா லேபம்மா, இந்தப் பக்கம்? இங்க யாருக்கும் ஒண்ணுக்குப் புடிக்கிற வேல இல்லியே."

"வள்ளியோட சாப்பாட்டைப் பார்க்கணும்."

"நல்லா பாத்துக்கோ. அந்தம்மா உப்புச் சாடிகிட்டக்கூட போவல. நான் பாத்துகினேதான் கீறேன். இன்னா, என் மேலயே டவுட்டா?"

"உன் மேல இல்லை. எல்லாத்து மேலயும்."

"அப்ப சரி," என்றாள்.

செண்பகத்திடம் விளக்கினேன். வள்ளிக்கு என்ன போடுகிறாரோ அதே அளவு இன்னொரு தட்டிலும் போட வேண்டும். அவள் ஒரு கவளம் மிச்சம் வைத்தால் இதிலும் ஒரு கவளம் எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் முழுக்க இப்படி.

"இந்தத் தட்டு யாருக்கு?"

"லேபுக்கு."

செண்பகம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களா சாப்பிடப் போறிய?"

"இல்லம்மா. எரிக்கப் போறேன்."

உணவை எரிப்பது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. ஆனாலும் தட்டை நன்றாகக் கழுவித் துடைத்து, வள்ளியின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பரிமாறினார். லேபின் தட்டில் ஒரு கரண்டி சோறு கூடுதலாக விழுந்தது.

"அதே அளவுதான்மா."

"வந்தவங்களுக்குக் கொறச்சா போடுறது?" என்று கேட்டுவிட்டு, அந்தக் கரண்டியைத் திரும்ப எடுத்தார்.

வள்ளி இரண்டு தட்டுகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "லேபு கத்திரிக்காய் திங்காதா?" என்று கேட்டாள். தனக்குப் பிடிக்காத கத்திரிக்காயை அந்தத் தட்டுக்குத் தள்ளலாமா என்பது கேள்வியின் உட்பொருள். கூடாது என்றேன்.

ஒவ்வொரு பண்டத்தையும் தனித்தனிச் சிறு கிண்ணங்களில் எடுத்துக்கொண்டேன். லேபில் ஒவ்வொன்றையும் பீங்கான் கிண்ணத்தில் வைத்துக் கருக்கி, சாம்பலாக்கி, சாம்பலைக் கொஞ்சம் அமிலத்தில் கரைத்து, வடிகட்டி, நீர்க்கச் செய்து அடுப்பில் ஊத வேண்டும். சாம்பல் வெள்ளையாகும் வரை எரிக்க வேண்டும், ஆனால் சூடு மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் தேடுகிற தாது ஆவியாகிவிடும். இதற்கு நாள் முழுதும் ஆயிற்று. லேபில் கல்யாண வீடு தீப்பிடித்த மாதிரி வாசனை என்று பக்கத்து அறையிலிருந்து வந்து சொன்னார்கள்.

சோறு: முள் அசைந்தது, அவ்வளவுதான். பருப்பு: அப்படியே. கத்திரிக்காய்: அப்படியே. மிளகு ரசம்: கிணற்றுத் தண்ணீருக்கு எவ்வளவோ அவ்வளவு. மோர்: முள் கடைசிக் கோட்டைத் தாண்டிப் போய் இடித்துக்கொண்டு நின்றது.

விரல் பட்டிருக்கும் என்று குழாயை மாற்றினேன். மறுபடி இடித்தது. பத்து மடங்கு நீர்க்கச் செய்தேன். அப்போதும் முள் பாதிக்கு மேல் நின்றது. சுடரைப் பார்க்கும் சிறு சன்னலில் குனிந்து பார்த்தேன். முள்ளே தேவையில்லை. சாமந்திப்பூ நிறம்.

பால் பொருளில் இயல்பாகவே சோடியம் கொஞ்சம் உண்டு. இவ்வளவு கிடையாது. ஆஸ்பத்திரி கொடுத்த தயிரை மட்டும் தனியாகப் பார்த்தேன். சரியாக இருந்தது. தயிர் மோராகும் வழியில் ஏதோ சேர்ந்திருக்கிறது.

மறுநாள் காலை, ரவுண்ட்ஸுக்கு முன்பு, சமையலறைக்குப் போனேன். உப்பு போட்டீர்களா என்று நான் கேட்கவில்லை. அதைப் பலர் கேட்டாயிற்று, பதிலும் வந்தாயிற்று. "மோர் எப்படிச் செய்யறீங்கன்னு காட்டுங்கம்மா, வரிசையா" என்றேன்.

அவர் காட்டினார். தயிரைக் கடைந்தார். தண்ணீர் விட்டார். கறிவேப்பிலை கிள்ளிப் போட்டார். பிறகு அலமாரியின் மேல்தட்டில் திருநீற்றுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மரச் சிமிழை எடுத்து, இடது கையால் திறந்து, கண்ணை மூடி ஒரு கணம் நின்று, வலது கையால் ஒரு சிட்டிகைக்கு மேலாகவே எடுத்துத் தூவினார். இளஞ்சிவப்பாக ஒரு பொடி. ராஜாமணி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"இது என்னம்மா?"

"இந்துப்பு. நாட்டு மருந்துக் கடையில வாங்குனது. விரதத்துக்கு உள்ளதுல்லா? பிள்ள மோர் மட்டுந்தான் ஆசையாக் குடிக்கி. அதான் ஒரு நாளைக்கு நாலஞ்சு வேள குடுக்கேன்."

அடுத்த கேள்வி எனக்குத் தேவைப்படவில்லை. எங்கள் வீட்டிலும் ஏகாதசியன்று சமையலுப்பை எடுத்து மேலே வைத்துவிட்டு அம்மா இந்துப்பைத்தான் கீழே இறக்குவாள். விரத நாளில் அது உப்பில் சேர்த்தி இல்லை, மருந்தில் சேர்த்தி. டாக்டரின் சொல்லை ஆஸ்பத்திரி உத்தரவாகக் கேட்ட தாய்மார்கள் உப்பைக் குறைத்தார்கள். செண்பகம் அதை விரதமாக ஏற்றுக்கொண்டு, விரதத்தின் எல்லா விதிகளோடும் நடத்தினார். ஒரு விதியும் தவறவில்லை.

ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் எடைச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எடை ஏறியிருந்தது. "அம்மா, நீங்க" என்று அவர் ஆரம்பித்ததும் நான் குறுக்கிட்டேன். அவர் பேச்சில் நான் குறுக்கிட்டது அந்த ஒரு முறைதான்.

"சார், லேபுக்கு வாங்க. இவங்களும் வரட்டும்."

"எதுக்கு?"

"சோடியம் எங்கேருந்து வருதுன்னு தெரிஞ்சுபோச்சு."

"அது எப்படித் தெரியும்?"

"அதைக் காட்டத்தான் கூப்பிடறேன்."

அவர் வந்தார். செண்பகம் வள்ளியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். ராஜாமணியை யாரும் கூப்பிடவில்லை, அவளும் வந்தாள். சன்னலை மூடி, விளக்கை அணைத்து, மூன்று குவளைகளை வைத்தேன். முதலில் வெறும் தண்ணீர். சுடர் நீலமாக இருந்தது. அடுத்தது சமையலுப்பு கரைத்த தண்ணீர். சுடர் மஞ்சளாயிற்று. வள்ளி "ஏ" என்றாள். குழாயை வெகு நேரம் கழுவினேன். நீலம் திரும்பி வந்தது. பிறகு செண்பகத்தின் சிமிழிலிருந்து எடுத்துக் கரைத்ததை வைத்தேன்.

அதே மஞ்சள்.

ராஜாமணி வெறும் தண்ணீர்க் குவளையில் விரலை விட்டுவிட்டு, "இத்த ஊது" என்றாள். ஊதினேன். லேசாக மஞ்சளடித்தது.

"நானும் உப்பா?"

"வேர்வை."

"அது தெரியும். சும்மா கேட்டேன்."

செண்பகம் சுடரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நாந்தான் பிள்ளைக்குக் குடுத்துருக்கேன்," என்றார். குரல் உயரவில்லை.

பெரிய டாக்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றி, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல், மறுபடி கட்டிக்கொண்டார். அவருடைய விதி தெளிவாக இருந்தது. கொடுத்தவர் போக வேண்டும். அவர் என்னைப் பார்த்தார்.

"ஒளிச்சுக் கொடுத்தவங்களுக்குத்தான் சார் விதி," என்றேன். "இவங்க ராஜாமணி முன்னாலதான் கொடுத்திருக்காங்க. தினமும்."

"ஆமா, நான் பாத்துகினேதான் இருந்தேன்," என்றாள் ராஜாமணி, தனக்கு அதில் என்ன பங்கு என்பதைப் பற்றி யோசிக்காமல்.

பெரிய டாக்டர் செண்பகத்திடம் கேட்டார், "அம்மா, இந்த விரதத்துல இதை விடலாமா? விட்டா விரதம் கெட்டுப்போகுமா?"

செண்பகம் யோசித்தார். அவர் யோசித்தது எங்களுக்காக அல்ல என்பது தெரிந்தது. "வெறும் விரதம்னு ஒண்ணு உண்டு. அதுல இந்துப்பும் கிடையாது. அது பெரிய விரதம். நான் அந்த அளவுக்குப் போகல. போகலாம்."

"போங்க," என்றார் பெரிய டாக்டர். "ஆனா வீட்டுக்குப் போக வேண்டாம். இங்கேயே இருங்க."

வாசல் வரை போன செண்பகம் திரும்பி என்னிடம் வந்தார். "அப்ப எங்க அத்த கல்யாணமாகி வந்த நாள்லேருந்து செவ்வாய், வெள்ளி உப்பில்லாம இருக்காவளே. இந்துப்பு போட்டுத்தான். அதெல்லாம்?"

"அவங்க உங்க மாமியார்தானே?"

"ஆமா."

"அவங்ககிட்ட இந்த அடுப்பைப் பத்திச் சொல்ல வேண்டாம்."

அன்று முதல்முறையாக அவர் சிரித்தார். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை.

வெறும் மோரை வள்ளி முதல் நாள் துப்பினாள். "இது மோரா, சுவத்துக்கு அடிக்கிறதா?" என்று கேட்டாள். எலுமிச்சையும் இஞ்சியும் சேர்த்துப் பார்த்தார்கள். மூன்றாம் முயற்சியில் குடித்தாள். அந்த வாரத்திலேயே எடை இறங்க ஆரம்பித்தது. நாடாத் தடம் மேலோட்டமாயிற்று. ஒரு நாள் காலை பெரிய டாக்டர் நர்ஸின் கையை வயிற்றில் வைத்துச் சுண்டினார். கண்ணை மூடவில்லை. மறுபடி சுண்டினார். "எதுவும் வரலைங்களே," என்று வள்ளியிடம் சொன்னார். வள்ளி தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக நினைத்து அம்மாவைப் பார்த்தாள்.

அதன் பிறகு ரவுண்ட்ஸில் அவர் எந்த அம்மாவிடமும் உப்பு போட்டீர்களா என்று கேட்டதில்லை. "நேத்து காலையிலேருந்து என்னென்ன செஞ்சீங்க, எதுல என்னென்ன போட்டீங்க, சொல்லுங்க" என்பார். உட்கார்ந்து கேட்பார். அப்பளக் காரம், சோடா மாவு, மோர் மிளகாய், ஓமத் தண்ணீர் எல்லாம் அதில் வெளியே வந்தன. ரவுண்ட்ஸ் இரு மடங்கு நீளமாயிற்று. சின்ன டாக்டர்கள் என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள்.

இப்போது நிலவரம் இது. நான் பெசன்ட் நகரில் இருக்கிறேன். கடல் பக்கம் சன்னல் திறந்தே இருக்கிறது. இரட்டையரில் ஒருவன் சுவரை நக்குகிறான். காரணம் எனக்குத் தெரியும். பழைய அடுப்பு எங்கே போகும் என்று லலிதாவுக்கு யாரும் இன்னும் சொல்லவில்லை. ராஜாமணி அதே முக்காலியில் இருக்கிறாள். வள்ளியின் ஈரல் ஆறவில்லை, அது ஆறாது. நீர் இரண்டு முறை திரும்பி வந்து, இரண்டு முறையும் இறங்கியது. கோபாலபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள், ஓட்டப் பந்தயத்தில் சேர்த்துக்கொள்வதில்லை என்பது அவளுடைய முக்கியமான குறை. அவளுடைய அப்பா மதியச் சாப்பாட்டை ஓட்டலில் முடித்துக்கொள்கிறார், இது வீட்டுக்குத் தெரியும். செண்பகம் இன்றுவரை உப்பு சேர்த்துக்கொள்ளவில்லை. அவருடைய ஈரலில் எந்தக் கோளாறும் இல்லை.